பிடித்த பந்துக்குக் கணக்கில்லை: கோல் கீப்பர் டீனோ ஸோஃப் மேனேஜரான கதை

2000 ஜூலை 2, ரோட்டர்டாம். நாடுகளுக்கான ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். தொண்ணூறு நிமிடம் முடிந்து, கூட்டிக் கொடுத்த நிமிடங்களும் கரைந்துகொண்டிருக்கின்றன. இத்தாலி 1, பிரான்ஸ் 0. இத்தாலியின் மாற்று ஆட்டக்காரர்கள் ஓரக்கோட்டருகே ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வரிசையாக நிற்கிறார்கள். நடுவர் விசில் ஊதியதும் உள்ளே பாய வேண்டியதுதான் பாக்கி.

பிரான்ஸின் கோல் கீப்பர் பார்த்தேஸ் பந்தை நீளமாக அடிக்கிறார். ட்ரெஸெகே தலையால் தட்டிவிடுகிறார். இத்தாலியின் தடுப்பாளர் கன்னவாரோ முட்டப் பார்க்கிறார், பந்து சரியாகச் சிக்கவில்லை. இடப்பக்கம் நின்ற வில்தோருக்கு அது போய்ச் சேர்கிறது. அவர் அடித்த அடி குறுக்கே ஓடி, இத்தாலியின் கோல் கீப்பர் டோல்டோவின் கைக்கு அடியில் புகுந்து வலைக்குள் போய்விடுகிறது. கைகோத்து நின்ற வரிசை மெல்லக் கலைகிறது. கூடுதல் நேரத்தில், 103ஆம் நிமிடத்தில் ட்ரெஸெகே கோல்டன் கோல் (விழுந்ததுமே ஆட்டத்தை முடித்துவிடும் கோல்) அடிக்க, கோப்பை பிரான்ஸுக்கு.

அன்று இத்தாலியின் மேனேஜராக இருந்தவர் டீனோ ஸோஃப். இரண்டே நாளில், ஜூலை 4 அன்று, அவர் பதவியை விட்டுப் போய்விட்டார். உலகக் கோப்பை வென்ற கோல் கீப்பர் அவர். மேனேஜராகவும் ஐரோப்பிய அளவில் ஒரு கோப்பையை வென்றவர். ஆனாலும் ஸோஃப் என்ற மேனேஜரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு இந்தச் சில நிமிடங்களில்தான் வந்து நிற்கும். அது நியாயமா என்று பார்ப்பதற்காகத்தான் இந்த ஆய்வு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸோஃப் கோல் கீப்பராக இருந்தபோது எந்தத் தராசில் நிறுக்கப்பட்டாரோ, மேனேஜரான பிறகும் அதே தராசில்தான் நிறுக்கப்பட்டார். பிடித்த பந்தை யாரும் எண்ணவில்லை, விட்ட பந்தை யாரும் மறக்கவில்லை.

கோல் கீப்பர்கள் ஏன் மேனேஜராவதில்லை

நம் தெருக்களில் பந்து ஆடும்போது, ஓடத் தெரியாதவனைத்தான் கோல் கம்பத்துக்கு நடுவில் நிறுத்துவோம். கம்பம் என்பதும் இரண்டு செருப்புதான். தொழில்முறை ஆட்டத்தில் கோல் கீப்பருக்கு மரியாதை உண்டு என்றாலும், "இவன் ஆட்டத்துக்கு வெளியில் இருப்பவன்" என்ற எண்ணம் அங்கேயும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கோல் கீப்பர்களின் பயிற்சி தனி, அவர்களுக்கான பயிற்சியாளர் தனி. மற்ற பத்து பேர் பந்தைக் கைமாற்றிப் பழகும்போது இவர்கள் மைதானத்தின் ஓர் ஓரத்தில் விழுந்து எழுந்துகொண்டிருப்பார்கள். மேனேஜர் வேலை காலியானால் கிளப் முதலாளிகளின் கண் நடுக்கள ஆட்டக்காரர்கள் பக்கம்தான் போகும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1993இல் மார்செய் அணிக்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் கோப்பையை வென்று தந்த பெல்ஜியத்தின் ரேமோன் கோதல்ஸ் ஒரு முன்னாள் கோல் கீப்பர். செவியாவுடன் 2020 யூரோப்பா லீக் வென்ற ஹூலன் லோபெதேகி இன்னொருவர். போர்ச்சுகலின் நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இவர்களில் யாரும் ஆட்டக்காரராக ஸோஃப் தொட்ட உயரத்தைத் தொட்டவர்கள் இல்லை. பெரிய கோல் கீப்பராக இருந்து, அப்புறம் பெரிய அணிகளின் மேனேஜராகவும் ஆனவர் என்று தேடினால் ஸோஃப் ஏறக்குறையத் தனியாகத்தான் நிற்கிறார். அவரை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

முட்டையில் வளர்ந்த பையன்

1942 பிப்ரவரி 28, இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஃப்ரியூலி வட்டாரம், மரியானோ என்ற சிற்றூர், விவசாயக் குடும்பம். ஃப்ரியூலிக்காரர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று இத்தாலியில் ஒரு பேச்சு உண்டு. ஸோஃப் அதைப் பொய்யாக்கவில்லை.

பதினான்கு வயதில் இன்டர் மிலானும் யுவென்டஸும் அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு "பையன் குள்ளம்" என்று அனுப்பிவிட்டன. பாட்டி அடெலைடேயின் வைத்தியம் எளிது: தினமும் எட்டு முட்டை. அடுத்த ஐந்து வருடத்தில் பையன் 33 சென்டிமீட்டர் வளர்ந்தான். முட்டைதான் வளர்த்ததா, வயசுதான் வளர்த்ததா என்பதை மருத்துவர்களிடம் விட்டுவிடலாம். பாட்டிக்குத்தான் பெயர்.

1961 செப்டம்பரில் உடினேஸே அணிக்காக முதல் டிவிஷனில் முதல் ஆட்டம். ஃபியோரென்டினாவிடம் ஐந்து கோல் வாங்கினார். அப்புறம் மான்டோவா, 1967இல் நாப்போலி, 1972இல் யுவென்டஸ். ஒரு காலத்தில் குள்ளம் என்று திருப்பி அனுப்பிய அதே யுவென்டஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயது. அங்கே 11 சீசன், 330 லீக் ஆட்டங்கள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. காய்ச்சல், சுளுக்கு, குடும்ப விசேஷம் எதுவும் குறுக்கே வராமல் 11 வருடம் ஒருவர் வேலைக்குப் போயிருக்கிறார் என்றால், அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் ஆறு லீக் பட்டம், இரண்டு இத்தாலியக் கோப்பை, 1977இல் ஐரோப்பிய கிளப்களுக்கான யூஈஎஃப்ஏ கோப்பை. கிளப்களுக்கான மிகப் பெரிய கோப்பையான ஐரோப்பியக் கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. 1973இல் அயாக்ஸிடமும் 1983இல் ஹாம்பர்க்கிடமும் இறுதி ஆட்டத்தில் 0-1 என்று தோற்றார்.

அவர் ஆட்டத்தில் ஆடம்பரம் கிடையாது. பறந்து விழுந்து கைத்தட்டல் வாங்குகிற ரகம் இல்லை. பந்து வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய் நின்றுவிடுவார். பந்து நேரே வந்தது போலத் தெரியும். பார்ப்பவர்களுக்கு "இதில் என்ன இருக்கிறது" என்றிருக்கும். மேனேஜராக அவர் பட்ட பாட்டுக்கு விதை இங்கேயே விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். சிரமப்பட்டுச் செய்தது சுலபமாகத் தெரிந்தால் அதற்குக் கூலி குறைவு.

1974, 1978, 1982

இந்த மூன்று உலகக் கோப்பைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1972 செப்டம்பரில் தொடங்கி 1,142 நிமிடம் தேசிய அணிக்காக ஸோஃப் ஒரு கோல்கூட வாங்கவில்லை. பிரேசில், இங்கிலாந்து என்று யார் வந்தும் நடக்கவில்லை. 1974 ஜூன் 15, மியூனிக். எதிரே ஹைட்டி. இரண்டாம் பாதி தொடங்கியதுமே இம்மானுவேல் சனோன் பாதுகாப்பைத் தாண்டி ஓடி, ஸோஃபைச் சுற்றிக்கொண்டு போய் கோல் போட்டார். ஆட்டத்தை இத்தாலி 3-1 என்று வென்றது. உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு கோலை. 1,142 என்ற எண்ணே அந்தக் கோல் விழுந்ததால்தான் தெரியவந்தது.

1978, அர்ஜென்டினா. அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தில் நெதர்லாந்தின் ஹான் வெகு தூரத்திலிருந்து அடித்தது உள்ளே போனது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலின் நெலின்யோவும் டிர்சேயுவும் அதேபோல் தூரத்திலிருந்தே அடித்தார்கள். ஸோஃபுக்கு 36 வயது. கண் பார்வை போய்விட்டது, கிழவரை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று பத்திரிகைகள் எழுதின. மேனேஜர் என்ஸோ பெயர்ஸோட் கேட்கவில்லை. இவர்தான் என் கோல் கீப்பர் என்று சொல்லிவிட்டார்.

1982, ஸ்பெயின். வயது 40, கேப்டன் பொறுப்பு வேறு. முதல் சுற்றில் மூன்று ஆட்டமும் டிரா. பத்திரிகைகள் கிழித்தெடுக்க, அணி மொத்தமும் நிருபர்களிடம் பேசுவதில்லை என்று முடிவெடுத்தது. கேப்டன் ஒருவர் மட்டும் பேசுவார். அதாவது, அணியிலேயே குறைவாகப் பேசுகிறவரைப் பேச்சாளராக ஆக்கிவிட்டார்கள். நிருபர்களைப் பழிவாங்க இதைவிட நல்ல வழி கிடைத்திருக்காது.

ஜூலை 5, பார்சிலோனாவின் சாரியா மைதானம். இத்தாலி 3, பிரேசில் 2. டிரா ஆனாலே பிரேசில் அரையிறுதிக்குப் போய்விடும். கடைசி நிமிடங்கள். இடப்பக்கத்திலிருந்து வந்த ஃப்ரீகிக்கை ஒஸ்கார் தலையால் முட்டித் தரையை நோக்கி அடித்தார். ஸோஃப் இடப்பக்கம் சாய்ந்து, கோட்டின் மேலேயே பந்தை இரண்டு கையாலும் அமுக்கினார். அங்கேதான் தொழில் தெரிகிறது. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பந்தைத் தட்டிவிட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் பிடித்த வேகத்தில் உடம்போடு உள்ளே உருண்டிருப்பார்கள். இவர் பிடித்த இடத்திலேயே பந்தை ஆணியடித்தது போல நிறுத்தினார். ஓர் அங்குலம் பின்னால் போனாலும் நடுவர் க்லைன் கோல் கொடுத்துவிடலாம். பிரேசில் ஆட்டக்காரர்கள் கோல் என்று கையைத் தூக்க, ஸோஃப் பந்து தாண்டவில்லை என்று விரலாட்டிக் காட்டினார். நடுவர் கோல் தரவில்லை. ஆட்டம் முடிந்ததும் பெயர்ஸோட்டின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு வருடத்துக்கு முன் தன்னைக் கைவிடாத ஆளுக்கு அவர் சொன்ன நன்றி அவ்வளவுதான்.

ஆறு நாள் கழித்து மாட்ரிட்டில் மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கினார். உலகக் கோப்பை வென்றவர்களில் மிக மூத்தவர் அவர்தான். நாடுகளுக்கான 1968 ஐரோப்பியக் கோப்பையையும் வென்றிருந்ததால், இரண்டையும் வென்ற ஒரே இத்தாலியரும் அவர்தான். 1983இல் ஓய்வு. தேசிய அணிக்கு 112 ஆட்டம், முதல் டிவிஷனில் 570.

யுவென்டஸ்: இரண்டு கோப்பையும் ஒரு வெளியேற்றமும்

மேனேஜர் வாழ்க்கை சத்தமில்லாமல் தொடங்கியது. யுவென்டஸில் கோல் கீப்பர்களுக்குப் பயிற்சியாளர், 1986இலிருந்து இத்தாலியின் ஒலிம்பிக் அணி. சியோலுக்கு அணியைத் தகுதி பெற வைத்தார். சியோலுக்குப் போகுமுன் யுவென்டஸ் கூப்பிட்டுவிட்டது.

1988இல் அவர் கையில் வந்தது பழைய யுவென்டஸ் இல்லை. அணியின் நட்சத்திரம் பிளாட்டினி 1987இல் ஓய்வு பெற்றுவிட்டார். அதற்கு அடுத்த சீசனில் அணி ஆறாவது இடம். மறுபக்கம் மேனேஜர் சாக்கியின் மிலான், மரடோனாவின் நாப்போலி. ஸோஃப் துணைப் பயிற்சியாளராகத் தன் நண்பர் கயெட்டானோ ஷிரேயாவை வைத்துக்கொண்டார்.

ஷிரேயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 1982 அணியின் தடுப்பாளர், ஸோஃபின் அறைத்தோழர். ஸ்பெயினில் இவர்கள் தங்கிய அறைக்குத் தூக்கம் வராத சக ஆட்டக்காரர் டார்டெல்லி வைத்த பெயர் "ஸ்விட்சர்லாந்து". அவ்வளவு அமைதி. 1989 செப்டம்பர் 3 அன்று, யூஈஎஃப்ஏ கோப்பையில் எதிரணியாக வரவிருந்த கூர்னிக் ஸாப்ஜேயை வேவு பார்க்கப் போலந்து போயிருந்த ஷிரேயா, திரும்பும் வழியில் கார் விபத்தில் இறந்துபோனார். போலந்தில் அப்போது பெட்ரோல் தட்டுப்பாடு. காரின் பின்பக்கம் பெட்ரோல் கேன்கள் இருந்தன. 36 வயது.

சீசன் தொடங்கிய கையோடு மேனேஜரின் வலது கை போய்விட்டது. அந்தச் சீசனில்தான் ஸோஃபின் யுவென்டஸ் செய்தவை இவை: கூர்னிக்கைத் தாண்டி, இறுதி வரை போய், ஃபியோரென்டினாவை டுரினில் 3-1 என்று வென்று, அவெல்லினோவில் நடந்த மறு ஆட்டத்தை 0-0 என்று முடித்து யூஈஎஃப்ஏ கோப்பையை எடுத்தது. ஆட்டக்காரராக 1977இல் வென்ற அதே கோப்பை. அதற்கு முன் ஏப்ரலில், இத்தாலியக் கோப்பையின் இறுதியில் மிலானை அதன் சொந்த மைதானத்திலேயே 1-0 என்று அடித்தது. அடுத்த மாதம் கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்ற அதே மிலான்தான். லீகில் நான்காவது இடம். மெஸ்ஸினாவிலிருந்து வந்த ஸ்கில்லாச்சி என்ற பையன் அந்த ஒரு சீசனில் தேசிய அணிக்குப் போகும் அளவுக்கு வளர்ந்து, 1990 உலகக் கோப்பையில் ஆறு கோலுடன் அதிக கோல் அடித்தவரானார்.

பரிசு? வெளியே போ.

கோப்பைகள் கைக்கு வருமுன்பே முடிவு எடுத்தாகிவிட்டது. கிளப்பின் நிர்வாகம் மாறி மோன்டெஸேமோலோ வந்திருந்தார். சாக்கியின் மிலான் ஆடுகிற மாதிரி, கண்ணுக்கு விருந்தாக ஓர் ஆட்டம் வேண்டும் என்று ஆசை. ஸோஃபின் அணி அப்படி ஆடாது. போலோன்யாவிலிருந்து லூயிஜி மைஃப்ரெடியைக் கொண்டுவந்தார்கள். கையில் ராபர்ட்டோ பாஜ்ஜியோவையும் வாங்கிக் கொடுத்தார்கள். ஸோஃபுக்குக் கிடைக்காத பாஜ்ஜியோ. அந்தச் சீசன் முடிவில் யுவென்டஸ் ஏழாவது. ஐரோப்பியப் போட்டிகளிலேயே இடம் கிடைக்கவில்லை, இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக. மைஃப்ரெடியும் போனார்.

யுவென்டஸின் நோக்கம் தப்பில்லை, ஆளைத் தேர்ந்ததில்தான் தப்பு என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மிலானைப் போல ஆட வேண்டும் என்பதற்காக, மிலானை மிலானிலேயே தோற்கடித்தவரை அனுப்பிய முடிவில் எந்த நோக்கத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. அவர் ஆட வைத்த ஆட்டம் அவர் ஆடிய ஆட்டத்தைப் போலவே இருந்தது. பந்து நேரே வந்தது போலத் தெரிந்தது. அவ்வளவுதான் குற்றம்.

லாட்சியோவும் காஸ்காயினும்

அடுத்து ரோமின் லாட்சியோ கிளப், 1990 முதல் 1994 வரை. முதல் இரண்டு சீசன் சாதாரணம். 1992இல் கிரான்யோட்டி என்ற தொழிலதிபர் கிளப்பை வாங்கிப் பணத்தை இறக்கினார். முன்கள ஆட்டக்காரர் சின்யோரி வந்தார், அடுத்தடுத்து இரண்டு சீசன் லீகில் அதிக கோல் அடித்தார். அணி ஐந்தாவது இடம், அப்புறம் நான்காவது.

பால் காஸ்காயினும் வந்தார். இங்கிலாந்தின் பெரிய திறமை, அதே அளவுக்குப் பெரிய தலைவலி. 1991இல் முழங்கால் உடைந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆடாமல் இருந்தவர். எடை ஏறும், இறங்கும். விளையாட்டுத்தனத்துக்கு எல்லை கிடையாது. இத்தாலிய மொழி காஸ்காயினுக்கு வராது, ஆங்கிலம் ஸோஃபுக்கு வராது. எட்டு முட்டையும் ஒழுங்குமாக வளர்ந்த மனிதர் இந்த ஆளை என்ன செய்வார் என்று பார்த்தால், ஆச்சரியமாக, பொறுத்துப் போனார். எடையைக் குறை என்று கண்டித்தார், ஆனால் கைவிடவில்லை. 1992 நவம்பரில் ரோமாவுக்கு எதிரான உள்ளூர்ப் போரில் ஆட்டம் முடியும் தறுவாயில் காஸ்காயின் தலையால் முட்டி 1-1 ஆக்கியதை லாட்சியோக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

இங்கே பெயர்ஸோட்டின் நிழல் தெரிகிறது. 1978இல் ஊரே கிழவர் என்று தள்ளியபோது தன்னை விட்டுக்கொடுக்காத மேனேஜரைப் பார்த்தவர், தானும் மேனேஜராகி ஊர் தள்ளுகிற ஆளை விட்டுக்கொடுக்காமல் இருக்கிறார். ஸோஃப் இதைத் தன் வாயால் இப்படிச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. நடந்ததைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றுகிறது.

1994இல் வேடிக்கையான ஒரு பதவி உயர்வு. லாட்சியோவின் தலைவராகவே ஆக்கிவிட்டார்கள். பயிற்சிக்கு ஸெமான் வந்தார். 1997 ஜனவரியில் ஸெமானை நீக்கிய பிறகு, தலைவரே கோட்டைக் கழற்றிவிட்டு மைதானத்தில் இறங்கி அந்தச் சீசனை நான்காவது இடத்தில் முடித்துக் கொடுத்தார்.

2000: குற்றப்பத்திரிகையும் அதற்குப் பதிலும்

1998 உலகக் கோப்பைக்குப் பிறகு செசாரே மால்தினியின் இடத்தில் தேசிய அணி ஸோஃபிடம் வந்தது. தகுதிச் சுற்று தடுமாற்றம்தான். நேப்பிள்ஸில் டென்மார்க்கிடம் 2-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 3-2 என்று தோற்றார்கள். போட்டி தொடங்க ஒரு வாரமே இருந்த நிலையில், நார்வேயுடனான ஆட்டத்தில் கோல் கீப்பர் பூஃபோன் கையை உடைத்துக்கொண்டார். முன்கள ஆட்டக்காரர் வியேரியும் காயத்தால் இல்லை. யாரும் இந்த அணியிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

துருக்கி, பெல்ஜியம், ஸ்வீடன் என மூன்றையும் வென்று, கால் இறுதியில் ருமேனியாவை 2-0 என்று தாண்டி ஆம்ஸ்டர்டாம் போனார்கள். ஜூன் 29, எதிரே நெதர்லாந்து, அதன் சொந்த மண். 34ஆம் நிமிடத்தில் ஸாம்ப்ரோட்டா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேருடன் மீதி ஆட்டம் முழுவதும், கூடுதல் நேரம் முழுவதும். நடுவில் இரண்டு பெனால்டி நெதர்லாந்துக்கு: ஃபிராங்க் டி பூர் அடித்ததை டோல்டோ பிடித்தார், க்லைவர்ட் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 0-0. அப்புறம் பெனால்டி மோதல். டி பூரை மறுபடியும் டோல்டோ தடுத்தார். ஸ்டாம் வானத்துக்கு அடித்தார். போஸ்வெல்ட் அடித்ததையும் டோல்டோ பிடித்தார். அன்று நெதர்லாந்து அடித்த ஆறு பெனால்டியில் ஒன்றே ஒன்றுதான் உள்ளே போனது. நடுவே இத்தாலியின் டோட்டி வேறு, நெதர்லாந்தின் கோல் கீப்பர் வான் டெர் சாருக்கு எதிரே பந்தைக் கரண்டியால் அள்ளிப் போட்டது போல மெதுவாக நடுவில் தூக்கிவிட்டார்.

முதலாவது கோல் கீப்பர் இல்லாமல் போன அணியை, இரண்டாவது கோல் கீப்பர் தோளில் சுமந்து இறுதிக்குக் கொண்டுவந்தார். அதற்கு மேனேஜர் ஒரு முன்னாள் கோல் கீப்பர். கதை எழுதுகிறவர் இப்படி எழுதினால் மிகை என்போம்.

சரி, இறுதி ஆட்டத்துக்கு வருவோம். ஜூலை 3 அன்று சில்வியோ பெர்லுஸ்கோனி பேசினார். அப்போது எதிர்க்கட்சித் தலைவர், மிலான் கிளப்பின் முதலாளி. பிரான்ஸின் நட்சத்திரம் ஸிடானுக்கு ஒரு ஆளைக் காவல் போடாமல் விட்டது மன்னிக்க முடியாத தவறு, கற்றுக்குட்டிக்குக்கூட இது தெரிந்திருக்கும் என்பது அவர் கருத்து. இந்தக் குற்றச்சாட்டை ஆட்டத்தோடு வைத்துப் பார்ப்போம்.

இத்தாலியின் கோல் 55ஆம் நிமிடம். டோட்டி குதிகாலால் தட்டிவிட, பெஸோட்டோ வலப்பக்கத்திலிருந்து அனுப்ப, டெல்வெக்கியோ அடித்தார். அதற்கு இரண்டு நிமிடம் முன்புதான் ஸோஃப் நடுக்களத்தின் ஃபியோரேயை எடுத்துவிட்டு முன்கள ஆட்டக்காரரான டெல் பியேரோவை இறக்கியிருந்தார். கோலை மூடிக்கொண்டு உட்காரப் பார்க்கிறவர் செய்கிற மாற்றம் இல்லை இது. அந்த டெல் பியேரோவுக்கு ஆட்டத்தை முடித்துவிடும் வாய்ப்பு இரண்டு முறை வந்தது. இரண்டையும் வீணாக்கினார். ஒன்று போயிருந்தாலும் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

சமன் செய்த கோலில் ஸிடானுக்குப் பங்கே இல்லை. பார்த்தேஸ் அடித்த நெட்டைப் பந்து, ட்ரெஸெகேயின் தலை, வில்தோரின் கால். கோல்டன் கோல் பீரெஸ் இடப்பக்கத்திலிருந்து கடைந்து கொடுத்தது. வில்தோர், ட்ரெஸெகே, பீரெஸ் மூவருமே பிரான்ஸின் மேனேஜர் லெமெர் இரண்டாம் பாதியில் இறக்கிய மாற்று ஆட்டக்காரர்கள். ஸிடானோடு நிழலாக ஓர் ஆளை ஒட்டவைத்திருந்தாலும் இந்த இரண்டு கோலும் விழுந்திருக்கும். குற்றப்பத்திரிகை நிற்கவில்லை.

ஸோஃபிடம் தவறே இல்லை என்று சொல்லவும் முடியாது. 86ஆம் நிமிடத்தில் உயரமான டெல்வெக்கியோவை எடுத்துவிட்டு உயரம் குறைந்த மோன்டெல்லாவை இறக்கினார். பின்னால் இருக்கிற அணி கடைசி நிமிடங்களில் நெட்டைப் பந்துதான் அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மாதிரி பந்துக்கு எழும்ப ஒரு தலை குறைந்தது. என்னைக் கேட்டால் குறை சொல்லத் தக்கது இதுதான். ஸிடானைப் பற்றிப் பேசியவர்கள் இதைப் பேசவில்லை.

ஜூலை 4 அன்று நிருபர்களைக் கூப்பிட்டு ராஜினாமாவைச் சொன்னார். ஆட்டத்தைப் பற்றிய விமர்சனத்துக்காகப் போகவில்லை, ஒரு மனிதரின் உழைப்பை ஊர் முன்னால் இழிவாகப் பேசியதை ஏற்க முடியாது, கண்ணியத்தைப் பற்றி பெர்லுஸ்கோனியிடம் பாடம் படிக்க வேண்டியதில்லை என்ற தொனியில் பேசிவிட்டு எழுந்து போனார். அவசரப்பட்டுவிட்டார், அரசியல்வாதி ஒருவர் பேச்சுக்கு இவ்வளவு ரோஷமா என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். 1974இல் பேசாதவர், 1978இல் கண் தெரியவில்லை என்றபோது பேசாதவர், 1990இல் கோப்பையோடு வெளியே அனுப்பியபோதும் பேசாதவர். ஒரு முறையாவது பேசாவிட்டால் எப்படி?

அதற்குப் பிறகு

2001 ஜனவரியில் லாட்சியோவின் மேனேஜர் எரிக்ஸன் இங்கிலாந்துக்குப் போக, லாட்சியோ மறுபடியும் இவரைக் கூப்பிட்டது. மூன்றாவது இடத்தில் முடித்தார். அடுத்த சீசன் தொடக்கம் சரியில்லை என்று செப்டம்பரிலேயே அனுப்பிவிட்டார்கள்.

கடைசி வேலை 2005, ஃபியோரென்டினா. 2002இல் திவாலாகிக் கீழே விழுந்து மேலே ஏறி வந்திருந்த கிளப், மறுபடியும் கீழே போகும் நிலையில் இருந்தது. சீசன் பாதியில் போனார். கடைசி நாள் பிரெஷ்யாவை 3-0 என்று வென்றார்கள். ஃபியோரென்டினா, பார்மா, போலோன்யா மூன்றும் 42 புள்ளி. தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் கணக்கில் ஃபியோரென்டினா தப்பியது. அதே கோடையில் பிரான்டெல்லி வந்தார், ஸோஃப் போனார். அதற்குப் பிறகு எந்த அணிக்கும் மேனேஜராகவில்லை.

ஒரு புகைப்படம் மீதி இருக்கிறது. 1982, மாட்ரிட்டிலிருந்து ரோம் திரும்பும் ஜனாதிபதி விமானம். மேஜை மேல் உலகக் கோப்பை. அதைச் சுற்றி நான்கு பேர் சீட்டாடுகிறார்கள். ஸோஃபும் ஜனாதிபதி பெர்த்தினியும் ஒரு ஜோடி, பெயர்ஸோட்டும் அணியின் ஆட்டக்காரர் காவ்ஸியோவும் எதிர் ஜோடி. காவ்ஸியோ ஏழாம் எண் சீட்டை இறக்கியபோது பெர்த்தினி கவனிக்காமல் விட்டுவிட, அந்த ஆட்டம் போனது. முந்தைய நாள்தான் உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டனைப் பார்த்து, தோற்றது உன்னால்தான் என்று ஜனாதிபதி சத்தம் போட்டார். தப்பு தன்னுடையது என்று பெர்த்தினி பின்னால்தான் ஒப்புக்கொண்டார்.